மத்திய வங்கியின் வட்டி லயத்து வாசலுக்கு எப்படி வருகிறது?

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் லயத்தில் வங்கிக் கடன் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருக்க, கொழும்பில் மத்திய வங்கி வட்டியைக் கூட்டினால் என்ன, குறைத்தால் என்ன? நாணயக் கொள்கை ஏழை பணக்காரர் இடைவெளியைக் கூட்டும் என்று உயர்தர வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா? அம்மாவின் காப்பு 2022 முதல் அடகில் கிடக்கிறது, திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?" பார்வைக்கு இது பரீட்சைக் கேள்வி போல இருக்கிறது. ஆனால் தம்பி உண்மையில் கேட்பது, வங்கிப் படியே ஏறாத ஒரு குடும்பத்தின் வருமானத்தை வங்கிகளுக்கெல்லாம் வங்கியான ஒன்று எந்த வழியாகத் தொடுகிறது என்பதுதான். காப்பைப் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறார். அதற்குள் மற்றக் கேள்விகள் எல்லாமே அடங்கியிருக்கின்றன.

நான் ஹட்டனிலும் பிறகு பண்டாரவளையிலும் வங்கிக் கிளைகளில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து 2023 இறுதியில் ஓய்வு பெற்றவன். அதில் பதினொரு ஆண்டுகள் அடகுப் பிரிவில் இருந்தேன். பொருளியலில் பட்டம் உண்டு, ஆனால் ஆய்வாளன் அல்லன். ஆகவே இங்கே எழுதுவதில் ஒரு பகுதி படித்தது, பெரும்பகுதி மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர்களிடம் கண்டது.

முதலில் இயந்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வர்த்தக வங்கிகள் மத்திய வங்கியிடம் ஓர் இரவுக்குப் பணத்தை வைத்தால் கிடைக்கும் வட்டி ஒன்று, கடன் வாங்கினால் கொடுக்கும் வட்டி ஒன்று. 2024 நவம்பர் வரை இந்த இரண்டும்தான் கொள்கை வட்டி வீதங்கள். அதன்பின் ஓரிரவுக் கொள்கை வீதம் என்று ஒன்றே ஒன்று. 2025 மே மாதம் அது 7.75 சதவீதத்துக்கு வந்தது. இதை வைத்துத்தான் மற்ற எல்லா வட்டிகளும் ஏறி இறங்குகின்றன. இதைத் தவிர, அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காக விற்கும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கியே வாங்கிப் புதுப் பணத்தை வெளியே விடவும் முடிந்தது. பத்திரிகைகள் காசு அச்சடிப்பு என்று எழுதியது இதைத்தான். 2020 ஜூலையில் வைப்பு வீதம் 4.5, கடன் வீதம் 5.5 என்று இறக்கி வைத்தார்கள். கொவிட் காலம், உலகம் முழுக்க வட்டியை இறக்கினார்கள், அதை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 2021 முழுக்க, டொலர் வற்றிக்கொண்டிருந்தபோதும், மலிவான பணமும் அச்சடிப்பும் தொடர்ந்தன. ரூபாவை ஏறத்தாழ 203 என்ற கணக்கில் பிடித்து வைத்திருந்தார்கள்.

அந்த மலிவுப் பணம் யாருக்குப் போனது என்று பாருங்கள். 2021 ஆம் ஆண்டில் கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் சுமார் 80 சதவீதம் ஏறியது. காணி விலையும் வாகன விலையும் ஏறின. கையில் பங்கோ காணியோ வைத்திருந்தவர் ஒன்றும் செய்யாமலே பணக்காரரானார். அதே ஆண்டு மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. எத்தனை ஆண்டுப் போராட்டம் அது! 900 அடிப்படைச் சம்பளம், 100 வரவுசெலவுத் திட்டப் படி. அந்த ஆயிரம் ரூபா அதன்பின் 2024 செப்டெம்பர் வரை ஒரு சதமும் அசையவில்லை. செப்டெம்பரில்தான் 1,350 ஆயிற்று.

இடையில் நடந்ததைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், உயர்தர மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 2022 மார்ச்சில் 18.7 சதவீதம், 2023 மார்ச்சில் 50.3, 2024 மார்ச்சில் 0.9. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால் மூன்று ஆண்டுகளில் விலைமட்டம் சுமார் 80 சதவீதம் ஏறியிருக்கிறது. அப்படியானால் 2021 மார்ச்சின் ஆயிரம் ரூபா 2024 மார்ச்சில் ஏறத்தாழ 555 ரூபாவின் வேலையைத்தான் செய்தது. பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) நின்று, மலை ஏறி, அதே கிலோ கொழுந்தை எடுத்துப் பேர் (ஒரு நாள் சம்பளம்) போட்ட ஒரு பெண்ணின் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதியை யாரும் கைவைக்காமலே எடுத்துவிட்டார்கள். இதிலும் சுட்டெண் கொழும்பு நகரத்தாரின் கூடையை வைத்துக் கட்டியது. லயத்து வீட்டில் வருமானத்தின் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகிறது. 2022 செப்டெம்பரில் பொதுப் பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தபோது உணவுப் பணவீக்கம் 94.9. இரவில் ரொட்டி சுடும் வீடுகளுக்குக் கோதுமை மாதான் விலைச்சுட்டெண். 2021 தொடக்கத்தில் கிலோ நூறு ரூபா அளவில் இருந்த மா, 2022 செப்டெம்பரில் 400 ரூபா வரை போனது. ஒரு பேர் சம்பளத்துக்குப் பத்துக் கிலோ வந்த இடத்தில் இரண்டரைக் கிலோ.

இதே காலத்தில் தேயிலைக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இடைவெளி எங்கே விரிந்தது என்று புரியும். 2022 மார்ச் 7ஆம் திகதி ரூபாவின் பிடியைத் தளர்த்தினார்கள். மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. தேயிலை டொலரில் விலைபோகும் பொருள், கொழும்பு ஏலத்தில் அதன் ரூபா விலை ஓராண்டில் ஏறத்தாழ இரட்டிப்பானது. கொழுந்து எடுப்பவரின் கூலி ரூபாவில் ஆணியடித்து வைத்த கூலி. பழைய நாணயமாற்றில் ஆயிரம் ரூபா ஐந்து டொலருக்குச் சற்றுக் குறைவு, புதியதில் இரண்டே முக்கால் டொலர். உரம், எரிபொருள், மின்சாரம் எல்லாம் ஏறியது என்று கம்பனிகள் சொன்னதில் உண்மை உண்டு. 2021இன் இரசாயன உரத் தடை விளைச்சலையும் வெட்டியது. ஆகவே விலை இரட்டித்ததால் இலாபமும் இரட்டித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் டொலரில் விற்பவருக்கு ரூபா வீழ்ச்சியிலிருந்து தப்ப ஒரு குடை இருந்தது. ரூபாவில் கூலி வாங்குபவர் நனைந்தார்.

வங்கிக் கடன் இல்லாதவருக்கு வட்டி எப்படி வருகிறது என்று கேட்டீர்கள். தோட்டத்துச் சந்தியில் இருக்கிற பலசரக்குக் கடையை நினைத்துப் பாருங்கள். மாதம் முழுக்கக் கொப்பியில் எழுதிச் சாமான் கொடுப்பார், சம்பளத்தன்று வாங்கிக்கொள்வார். அந்தக் கடைக்காரர் எங்கள் கிளையில் மேலதிகப்பற்று, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன், வைத்திருப்பார். ஹட்டன் மொத்தக் கடையில் காசு கொடுத்து எடுத்தால்தான் அவருக்கு விலை குறையும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் வட்டியைக் கூட்டி, கடன் வீதத்தை 14.5க்குக் கொண்டுபோனபோது, அவருடைய மேலதிகப்பற்று வட்டி சில மாதங்களில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. அவர் செய்தது என்ன? கொப்பியை மூடினார். இருபது ஆண்டாகத் தெரிந்த மனிதர், நல்லவர், என்னிடம் வந்து, "சேர், நான் கடன் கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்று எனக்குத் தெரியும். கொடுத்தால் நான் கடையை மூட வேண்டும்" என்றார். லயத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடாத கடனின் வட்டியை இப்படித்தான் கட்டுகிறார்.

கொப்பி மூடியதும் அடுத்த படி அடகு மேசை. 2022 நவம்பரில் ஒரு காலை நினைவில் இருக்கிறது. சம்பளத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த ஒரு பவுன் காப்பை அவிழ்த்து வைத்தார். விரலெல்லாம் கொழுந்துக் கறை. முந்திய ஆண்டு அதே காப்புக்கு எழுபதாயிரம் கொடுத்திருப்போம். அன்று ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கொடுக்கலாம் என்று தராசு சொன்னது. ரூபா விழுந்ததால் பவுன் விலை ஏறியிருந்தது. அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. "எழுபது போதுமே அம்மா" என்றேன். "கடைக்கு இருக்கிறது, மகனுக்கு ரியூஷன் காசு இருக்கிறது, முழுக்கப் போடுங்கள் ஐயா" என்றார். வட்டி ஆண்டுக்கு 26 சதவீதம். ஓராண்டு வைத்தால் வட்டி மட்டும் 28,600 ரூபா, அதாவது அவர் ஒரு மாதத்துக்கும் மேல் கொழுந்து எடுக்க வேண்டிய காசு.

அவர் எழுந்துபோன பத்து நிமிடத்தில், பத்தடி தள்ளியிருந்த மேசையில் ஓய்வுபெற்ற வியாபாரி ஒருவர் ஐம்பது இலட்சத்தை ஓராண்டு நிலையான வைப்பில் போட்டார், 25 சதவீதத்துக்கு. மாதக் கணக்கில் ஒரு இலட்சத்து நாலாயிரம் ரூபா. அவரும் முந்திய மாதங்களில் நட்டப்பட்டவர்தான், விலைவாசி 60, 70 சதவீதம் ஏறும்போது வைப்பில் இருந்த பணம் கரைந்தது. ஆனால் அன்றையிலிருந்து கணக்குத் திரும்பியது. 2022 நவம்பருக்கும் 2023 நவம்பருக்கும் இடையில் கொழும்புச் சுட்டெண் ஏறியது 3.4 சதவீதம்தான். விலைகள் ஏறக்குறைய நின்றுபோன ஓர் ஆண்டில் அவருக்கு 25 சதவீதம் வந்தது. அதே ஆண்டு அந்த அம்மாவுக்கு 26 சதவீதம் போனது. திறைசேரி உண்டியல் வாங்கக்கூடியவர்களுக்கு இன்னும் நல்ல காலம். அந்த நவம்பரில் மூன்று மாத உண்டியல் 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வட்டியைக் கட்டுவது அரசு, அரசுக்கு அதைக் கொடுப்பது மாவுக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டுகிறவர்கள்.

ஏறிய வட்டி இறங்கும்போது ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. கொள்கை வீதம் ஏறினால் அடகு வட்டியை மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை சில நாள்களில் வந்துவிடும். இறங்கினால் மாதக்கணக்கில் வராது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2023 ஜூன், ஜூலை இரண்டு மாதத்தில் கொள்கை வீதத்தை 4.5 சதவீதப் புள்ளிகள் குறைத்த பிறகும் கடன் வட்டிகள் போதிய அளவு இறங்காததால், ஓகஸ்டில் மத்திய வங்கியே உச்சவரம்பு விதிக்க வேண்டியிருந்தது: அடகுக்கு 18 சதவீதம், கடன் அட்டைக்கு 28. என் பணிக்காலத்தில் அடகு மேசைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு வந்ததில்லை.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவுபெறாது. தோட்டத் தொழிலாளிக்கு உள்ள ஒரே நிதிச் சொத்து பெரும்பாலும் அதுதான். தொழிலாளியின் 8 சதவீதமும் தொழில் கொள்வோரின் 12 சதவீதமும் சேர்கிற அந்த நிதியை முகாமைத்துவம் செய்வதே மத்திய வங்கிதான். 2022க்கு உறுப்பினருக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். அந்த ஆண்டு டிசெம்பரில் பணவீக்கம் 57.2. ஐந்து இலட்சம் வைத்திருந்தவரின் கணக்கில் ஆண்டு முடிவில் 5,45,000 என்று இருக்கும், வாங்கும் வலுவில் அது முந்திய டிசெம்பரின் 3,47,000 ரூபா. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வர்த்தக வங்கிகள் வைத்திருந்த முறிகளை (அரசின் நீண்டகாலக் கடன் பத்திரங்களை) விட்டுவிட்டு ஓய்வூதிய நிதிகளின் முறிகளைத்தான் மாற்றினார்கள்: 2025 வரை 12 சதவீதம், பிறகு முதிர்வுவரை 9. வங்கிகளைத் தொட்டால் முழு முறையும் ஆட்டம் காணும் என்பது அவர்கள் சொன்ன காரணம். வங்கியில் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பயம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும், நாற்பது ஆண்டு கூன் விழக் கொழுந்து எடுத்தவரின் சேமிப்பைச் சுமைதாங்கியாக்கியதை என் மனம் இன்றுவரை ஏற்கவில்லை.

வேலை வழியாக வந்த அடியும் உண்டு. மலையகத்து இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைத் தலங்களிலும் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும் காசு பல லயங்களின் உயிர்நாடி. வட்டி ஏறியதும் முதலில் நின்றது கட்டட வேலை. 2022 இறுதியில் பையோடு ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கிய பிள்ளைகளை நானே பார்த்தேன். சீமெந்து, கம்பித் தட்டுப்பாடும் காரணம், வட்டி மட்டும் இல்லை.

இனி எது உறுதி, எது சந்தேகம் என்று பிரிக்க வேண்டும். சம்பளம் அசையாமல் நிற்கும்போது வேகமான பணவீக்கம் கூலி வாங்குபவரையே அதிகம் அடிக்கும் என்பது உறுதி. ஈஸ்டர்லி, பிஷர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 38 நாடுகளில் சுமார் 32,000 குடும்பங்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புத் தரவுகளை ஆராய்ந்து, பணவீக்கத்தை நாட்டின் பெரிய கவலையாகச் சொன்னவர்கள் பணக்காரரைவிட ஏழைகளே அதிகம் என்று கண்டார்கள். வட்டியைத் திடீரெனக் கூட்டினாலும் ஏற்றத்தாழ்வு கூடும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 32 நாடுகளின் தரவுகளில் அதைக் கண்டார்கள். நாட்டு வருமானத்தில் உழைப்பாளர் பங்கு பெரிதாகவும் அரசின் மறுபகிர்வு சிறிதாகவும் உள்ள நாடுகளில் அந்த விளைவு வலுவாக இருந்தது என்றும் சொன்னார்கள். இரண்டும் முரண்போலத் தெரியும். உண்மையில் ஒரே மனிதனை இரண்டு பக்கமிருந்தும் தள்ளுகிற இரண்டு கைகள் அவை.

சந்தேகத்துக்குரியது பங்கீடு. 2022இன் பணவீக்கத்தில் எவ்வளவு காசு அச்சடிப்பால், எவ்வளவு டொலர் பஞ்சத்தால், எவ்வளவு உரத் தடையால், எவ்வளவு உக்ரேன் போரால் என்று யாராவது துல்லியமான சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் ஒரே ஆண்டில் விழுந்தன. வருமான ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளப்பதாக வகுப்பில் சொல்லும் கினிக் குணகமும் இதில் அதிகம் உதவாது. இலங்கையில் குடும்ப வருமானத்துக்கான கினி 2019இல் 0.46. அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் படம், வட்டி மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பணவீக்கம் எல்லா வருமானத்தையும் சேர்த்து நசுக்கினால் கினி அசையாமலே வறுமை இரட்டிக்கலாம். உலக வங்கியின் மதிப்பீட்டில் 2021இல் 13.1 சதவீதமாக இருந்த வறுமை 2022இல் 25 ஆனது. தோட்டப் பகுதிகளில் பாதிப்பேர் கோட்டுக்குக் கீழே. எனக்குக் கினியைவிட இந்த எண்தான் பேசுகிறது.

அப்படியானால் 2022 ஏப்ரலில் வட்டியைக் கூட்டியது தவறா? இல்லை என்பதே என் கருத்து. கூட்டாமல் விட்டிருந்தால் மா 400இல் நின்றிருக்காது. தவறு அதற்கு முந்திய காலத்தில். 2021 நடுவிலேயே படிப்படியாகக் கூட்டி, ரூபாவை மெல்ல இறங்க விட்டிருந்தால், ஒரே இரவில் 7 புள்ளிகள் ஏற்ற வேண்டி வந்திருக்காது. 2023இன் புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசுக்காகக் காசு அச்சடிப்பதைத் தடுத்தது; அதன்கீழ் அரசும் மத்திய வங்கியும் செய்த உடன்படிக்கை 5 சதவீதப் பணவீக்கத்தை இலக்காக வைத்தது. நல்லது. ஆனால் இலக்குக்குள்ளேயே நின்றாலும் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் விலைக்கு எதிரே மூன்றரை ஆண்டு அசையாத கூலி இருந்தால், இடைவெளி சத்தமில்லாமல் விரிந்துகொண்டேதான் போகும். அதை அடைப்பது சம்பள நிர்ணய சபையின் வேலை. விலைச்சுட்டெண்ணோடு ஆண்டுதோறும் கூலி தானாக ஏற வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். ஐம்பது ரூபா, நூறு ரூபா என்று தேர்தலுக்குத் தேர்தல் பேரம் பேசுவதைவிட அது பெறுமதியான கோரிக்கை.

இனி அம்மாவின் காப்பு. அடகுச் சீட்டை எடுத்து இரண்டைப் பாருங்கள்: எந்த வட்டிக்கு எழுதியிருக்கிறது, எந்தத் திகதியில் தவணை முடிகிறது. 2023இல் கடன் வீதம் 16.5 வரை போயிருந்தது; 2025 மே மாதம் கொள்கை வீதம் 7.75க்கு வந்தது. நீங்கள் பழைய வட்டிக்கே புதுப்பித்துக்கொண்டிருந்தால், கிளைக்குப் போய் இன்றைய வீதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், கேட்காமல் மாற்றித் தருவது அரிது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்காமல், தீபாவளி முற்பணத்தில் ஐயாயிரமோ பத்தாயிரமோ அசலிலும் கட்டுங்கள். பவுன் விலை ஏறியிருப்பதால் காப்பின் பெறுமதி உங்கள் கடனைவிட மிக அதிகம். அதனால் அதே காப்புக்கு இன்னும் கூடத் தருகிறோம் என்று மேசையில் சொல்வார்கள், தேவையில்லாமல் வாங்காதீர்கள். மீட்கவே முடியாத நிலை வந்தால் ஏலம்வரை விடாமல், காசு புரட்டி மீட்டு நீங்களே விற்பது மேல். தப்பித் தவறி ஏலத்துக்குப் போய்விட்டால், கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் பணம் அம்மாவுக்கு உரியது. எங்கள் கிளையில் அதைக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அடையாள அட்டையோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.